மெய்ப்பொருள் நாயனார் அமைதியும் ஸ்டோயிக்கர் கொள்கையும்

மனவமைதியை வேண்டாதார் உலகத்து ஒருவரும் இலர். பொருள் ஈட்டுவார் பொருளாலும், கற்பார் கல்வியாலும், நோற்பார் நோன்பாலும் பெற விழைவது முடிவில் அதுவேயாம். ஆயின் அமைதி என்னும் ஒரு சொல் பல நிலைகளுக்குப் பொதுப்பெயராய் நிற்றலின், அதனைத் தருவதாகக் கூறும் நூல்கள் அனைத்தையும் ஒருதன்மையவாக வைத்து எண்ணுதல் எளிதாகிவிடுகின்றது. அண்மைக் காலத்தில் மேனாட்டில் பழைய ஸ்டோயிக்கர் நூல்கள் அன்றாட வாழ்விற்குரிய கையேடுகளாகப் பெரிதும் பயிலப்படுகின்றன. அவற்றைப் பயின்ற தமிழருள்ளும் சிலர், 'இவை கூறுவது நம் சித்தாந்தம் கூறும் இருவினையொப்பே. வேறன்று' எனத் துணிகின்றனர். இத்துணிபு ஓரளவிற்கு உண்மையும் ஓரளவிற்குப் பிழையுமாம். எவ்வளவிற்கு எது என்பதை வரையறுத்தலே ஈண்டுக் கருதிய பொருள்.

இவ்வாறு ஒப்பிடுவார் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது புறநானூற்றின் 192-ஆம் பாட்டாகிய கணியன் பூங்குன்றனார் பாட்டினையே. வெள்ளத்தில் மிதக்கும் தெப்பத்தை உயிருக்கு உவமை கூறும் அப்பாட்டு, ஸ்டோயிக்கர் கருத்தோடு நெருங்கிய உறவுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாட்டுக் கொள்கையைக் கூறும். கொள்கையின் உண்மையோ செயலில் வைத்தே அறியப்படும். பொன்னின் மாற்றுக் காண்பதற்கு உரைகல் வேண்டுமாறு போல, அமைதியின் மாற்றுக் காண்பதற்கும் ஒரு நிகழ்ச்சி வேண்டும். அத்தகைய நிகழ்ச்சியொன்று பெண்ணையாற்றின் கரையில், திருக்கோவலூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடியுள்ளார்.

2019-ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி, மேற்கே கல்வராயன் மலையும் வடக்கே பெண்ணையாறும் உடையது. பெண்ணையின் தென்கரைத் திருக்கோவலூர், சங்க காலத்து மலையமான்களின் ஊர். பின்னர் மெய்ப்பொருள் நாயனார் அரசு வீற்றிருந்த ஊரும் அதுவே. நம்பியாரூரர் தோன்றிய திருநாவலூரும் இம்மாவட்டத்ததாம். மெய்கண்ட தேவர் சிவஞானபோதம் அருளிய திருவெண்ணெய்நல்லூர், எல்லை கடந்தவுடன் விழுப்புரம் மாவட்டத்தில் உளது. ஆதலின் அமைதியைப் பற்றிய சைவக் கொள்கையும், அக்கொள்கைக்கு இலக்கியமாய் நின்ற வாழ்வும் ஒரு நிலப்பகுதியிலேயே அடுத்தடுத்து விளைந்தன எனலாம்.

இனி, ஸ்டோயிக்கர் யார் என்பதும் அவர் கூறுவது யாது என்பதும் முதற்கண் அறியற்பாலன. கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில், சைப்பிரசுத் தீவினராகிய ஜீனோ என்பார், ஏதென்சு நகரில் ஓவியம் தீட்டப்பெற்ற தூண்மண்டபம் ஒன்றிலிருந்து மாணாக்கர்க்குக் கற்பித்தார். அம்மண்டபத்தை யவனர் 'ஸ்டோவா' என்பர். திண்ணையிற் கற்பித்தது திண்ணைப்பள்ளி எனப் பெயர் பெற்றாற்போல, ஸ்டோவாவிற் கற்றவர் ஸ்டோயிக்கர் எனப் பெயர் பெற்றனர். ஜீனோவும், அவர்க்குப் பின்வந்த கிளியாந்தசு, கிரிசிப்பசு என்பாரும் எழுதிய நூல்களிற் பெரும்பாலன இறந்துபட்டன. இன்று முழுமையாகப் பயிலக் கிடைப்பவை உரோமப் பேரரசுக் காலத்தார் மூவருடையனவே. ஒருவர், நீரோ மன்னனின் ஆசிரியரும் அமைச்சருமாய் இருந்து, கி.பி. 65-இல் அம்மன்னன் ஆணையாலேயே உயிர்விட்ட செனக்கா. ஒருவர், பிரிஜியா நாட்டில் தோன்றி உரோமில் அடிமையாய் இருந்து, விடுதலை பெற்றபின் ஆசிரியராகிய எபிக்டீட்டசு. ஒருவர், கி.பி. 161 முதல் 180 வரை பேரரசு செலுத்திய மார்க்கஸ் ஔரேலியஸ். அமைச்சர், அடிமை, அரசர் என்னும் மூவரும் ஒரு கொள்கையையே கைக்கொண்டனர் என்பது அக்கொள்கைக்குப் பெருமை தருவதே.

அக்கொள்கையின் சாரம் இது. உலகத்துப் பொருள்கள் நம் வசத்தன என்றும் நம் வசத்தன அல்லாதன என்றும் இருதிறப்படும். கருத்தும், விருப்பும், வெறுப்பும், முயற்சியும் நம் வசத்தன. உடம்பும், உடைமையும், புகழும், பதவியும் நம் வசத்தன அல்ல. பின்னையவற்றை முன்னையவற்றோடு மயங்கக் கொள்ளுதலே துன்பத்திற்குக் காரணம். மனத்தைக் கலக்குவது நிகழ்ச்சியன்று; நிகழ்ச்சியைப் பற்றி மனம் கொள்ளும் முடிபேயாம். ஆதலின் முடிபைத் திருத்துவார் கலக்கத்தினின்றும் நீங்குவர். இதற்கெனச் சில பயிற்சிகளையும் அவர் வகுத்தனர். வரக்கூடிய இடர்களை முன்னரே எண்ணிப் பழகுதல் ஒன்று. இரவில் துயிலுமுன் அன்றைய செயல்களைத் தானே தன் முன் நிறுத்தி வினவுதல் ஒன்று. இவ்விரவு வினவலைச் செனக்கா, வெகுளியைப் பற்றி எழுதிய 3 பகுதியுடைய நூலில் விளக்கியுளர்.

'ஸ்டோயிக்கர் நெஞ்சு கல்நெஞ்சு. அவர்க்கு இரக்கம் இல்லை' எனச் சிலர் பழிப்பர். அது பொருந்தாது. திடுக்கிடுதலும், முகம் வெளிறுதலும், கண்ணீர் துளித்தலும் அறிவுடையார்க்கும் தாமே நிகழும் என அவர் உடன்பட்டனர். அவற்றின்பின் மனம் சென்று இசைதலையே விலக்கினர். மக்கள் அனைவரும் ஓரறிவின் கூறுகள் ஆதலின் ஒருவர்க்கொருவர் உறவினர் என்பதும் அவர் கொள்கையே. மார்க்கஸ் தமக்கென எழுதிவைத்த 12 பகுதியுடைய நூலின் முதற்பகுதி முழுதும், தம் பாட்டனார் முதலாகத் தெய்வங்கள் ஈறாக ஒவ்வொருவரிடமும் தாம் பெற்ற நலத்தை எண்ணி நன்றி கூறுவதாகும். நன்றியறியும் நெஞ்சைக் கல்நெஞ்சு எனல் யாங்ஙனம்? இந்நூல்களின் பயனும் கண்கூடானது. இருபதாம் நூற்றாண்டில் உளமருத்துவ முறைகள் வகுத்த ஆல்பர்ட் எல்லிஸ், ஏரன் பெக் என்னும் இருவரும் ஸ்டோயிக்கரைத் தம் முறைக்கு முன்னோடிகளாக ஒப்புக்கொண்டனர். வியட்நாம் போரில் 1965-இல் சிறைப்பட்டு 1973 வரை வதையுண்ட ஸ்டாக்டேல் என்னும் அமெரிக்கக் கடற்படையினர், எபிக்டீட்டசின் உரைகளே தமக்கு ஊன்றுகோலாயின என்று எழுதினார்.

சித்தாந்தத்தோடு இக்கொள்கை ஒத்துநிற்கும் இடங்களும் உள. இருவினையொப்பு என்பது நல்வினையும் தீவினையும் அளவால் ஒத்தலன்று. அவற்றின் பயனாகிய இன்பதுன்பங்கள் வருங்கால் ஒன்றை விரும்பி ஒன்றை வெறாது இரண்டன்மேலும் மனம் ஒத்துநிற்றலாம். இதனையே ஸ்டோயிக்கரும் வேண்டினர். இழந்த பொருளை 'இழந்தேன்' என்னாது 'திருப்பிக் கொடுத்தேன்' என எண்ணுக என்று எபிக்டீட்டசு கற்பித்தது, உடல் பொருள் ஆவி மூன்றையும் இறைவன் உடைமையாகக் காணும் அடியார் நிலைக்கு மிக அணித்தாகும். இவ்வளவில் இரண்டும் ஒன்றே என்பார் கூற்று ஏற்கத்தக்கதே.

ஆயின் ஒப்புமை இவ்வளவிலேயே முடிந்துவிடுமோ எனின், முடியாது. வேறுபாட்டைக் காட்டுவது திருக்கோவலூர் வரலாறு.

மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்லமாட்டாது பலமுறை தோற்ற பகைமன்னன் முத்தநாதன், வஞ்சனையால் வெல்லத் துணிந்தான். மேனி முழுதும் நீறு பூசி, சடைமுடி கட்டி, ஓலைச்சுவடிக் கட்டினுள் கருவியை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். சேக்கிழார் இவனுக்கு, புறத்தே ஒளியும் அகத்தே மையும் உடைய விளக்கை உவமையாக்குவர். வாயில்தோறும் காவலர் அவன் வேடத்தை வணங்கி வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் என்பான் மட்டும், அரசர் துயில்கின்றார், காலம் அறிந்து புகுக என்றான். அவனையும் கடந்து உட்சென்றான் வஞ்சகன். அருகிருந்த தேவியார் எழுப்ப, அரசர் விழித்தெழுந்து எதிர்சென்று வணங்கினார். எங்கும் கிடையாத ஆகமம் ஒன்றைக் கொணர்ந்ததாகவும், அதனைத் தனியிடத்தே கூறவேண்டும் என்றும் அவன் சொல்ல, தேவியாரையும் அகற்றி, அவனை உயர்ந்த ஆசனத்து இருத்தித் தாம் நிலத்தமர்ந்தார். சுவடியை அவிழ்ப்பான்போலக் கருவியை எடுத்துத் தான் எண்ணியதை முடித்தான் முத்தநாதன்.

இவ்விடத்துச் சேக்கிழாரின் சொல்லாட்சி கூர்ந்து நோக்கற்பாலது. குத்தினான் என்றோ, கொன்றான் என்றோ அவர் கூறிலர். முன்னர் நினைந்தபடியே செய்தான் என்பதோடு அவன் செயலை முடித்துவிட்டு, வீழ்கின்ற அரசர்மேல் 'வென்றார்' என்னும் வினையை ஏற்றினர். போர்க்களத்தில் பலமுறை வென்றவர் இவர்; அவ்வெற்றிகளைக் கதையின் தொடக்கத்தே சொல்லிவிட்டு, உண்மை வெற்றி என்னும் சொல்லை இங்கே கொணர்ந்து வைத்தது கவியின் நுண்மை. ஒரு சொல்லால் முழு வரலாற்றின் பொருளும் திரும்பிவிடுகின்றது.

தத்தன் ஓடிவந்து வாளை ஓங்கினான். அரசர் அவனைப் பெயர்சொல்லி விளித்து, வந்தவர் தம்மவரே என்று தடுத்து வீழ்ந்தார். தாங்கிப்பிடித்த தத்தன், அடியேன் செய்யத்தக்கது யாது என வினவ, இவரை ஒருவரும் இடையூறு செய்யாவாறு கொண்டுபோய் விடுக என்றார். செய்தியறிந்த ஊரார் வஞ்சகனைச் சூழ்ந்தனர். தத்தன் அரசர் ஆணையைக் கூறி அவர்களை விலக்கி, ஊரைக் கடத்தி, அச்சமற்ற இடத்தே அவனை விட்டு மீண்டான். அதுகாறும் அரசர் உயிரைத் தாங்கியிருந்தார். தவவேடத்தார் தீங்கின்றிச் சென்றார் என்னும் சொல் செவியில் விழுந்தபின்னரே, தத்தனைப் பாராட்டி, திருநீற்றின்பால் அன்பு குன்றாது காக்குமாறு தம் வழியினர்க்குக் கூறி, இறைவன் திருவடியை எய்தினார்.

இதனோடு ஒப்பவைத்தற்கு உரோம வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கி.பி. 175-இல், சிரியா நாட்டை ஆண்ட அவிடியஸ் காஸ்ஸியஸ், மார்க்கஸ் இறந்தார் என்னும் பொய்ச்செய்தி கேட்டுத் தன்னைப் பேரரசனாக அறிவித்துக் கொண்டான். சில திங்களுள் அவன் படையினரே அவனைக் கொன்று தலையைக் கொணர்ந்தனர். மார்க்கஸ் அதனைக் காண மறுத்து அடக்கம் செய்வித்தார். அவனை உயிரோடு பெற்று மன்னிக்கும் வாய்ப்பை இழந்தமைக்கு வருந்தினார். அவனுக்குத் துணைநின்ற மூதவையினரைக் கொல்லலாகாது என ஆணையிட்டார். முடிகவர வந்த பகைவனிடத்தும் இத்தகைய அருள் காட்டிய அரசர் உலக வரலாற்றில் மிகச் சிலரே. ஸ்டோயிக்கர் கொள்கை வெறுஞ்சொல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனின், இருவர்க்கும் வேறுபாடு யாண்டுளது? உவமையில் உளது. மார்க்கஸ் தம் நூலின் 8-ஆம் பகுதியில், விகாரங்களினின்றும் விடுபட்ட மனத்தை உயர்ந்த கோட்டையாக உருவகிக்கின்றார். மனிதனுக்கு அதனினும் வலிய புகலிடம் வேறில்லை என்பது அவர் கருத்து. கோட்டையின் தொழில் புறத்ததைப் புறத்தே நிறுத்துதல். எபிக்டீட்டசும், துயருறுவாரைக் காணின் சொல்லால் அவரோடு துயருறுக, ஆயின் அகத்தே துயருறாது காக்க என்றார். குழந்தையை முத்தமிடும்போதே, அது இறக்கும் இயல்பினது என நினைந்துகொள்க என்றார். இவையெல்லாம் அகவாயிலைத் தாழிடும் அறிவுரைகள். மார்க்கஸ் தம் மக்களுள் பலரை இளமையிலேயே இழந்தவர் ஆதலின், அத்தாழ் அவர்க்கு எத்துணை வேண்டியதாயிற்று என்பதை உணர்ந்தார் அவரைக் குறைகூறார்.

திருக்கோவலூர் வரலாறோ முழுதும் திறந்த வாயில்களின் வரலாறு. வாயில் ஒவ்வொன்றாகத் திறக்கின்றது, துயிலறையும் திறக்கின்றது, தேவியார் இருந்த இடமும் ஒழிகின்றது, முடிவில் அரசர்க்கும் கருவிக்கும் இடையே ஒன்றும் இல்லை. காவற்கோட்டை வீழ்ந்தது, அமைதி வீழவில்லை. காப்பில்லாத இடத்தே நிலைபெற்ற அமைதி அது. ஸ்டோயிக்கர் அமைதி தன்னைக் காக்கும்; நாயனார் அமைதி தன்னைக் கொல்வானைக் காத்தது. அவர் உயிர் சில நாழிகை தங்கியது தம் பொருட்டன்று. முத்தநாதன் ஊரைக் கடந்தான் என்னும் செய்தியின் பொருட்டு.

இதற்குக் காரணத்தை மெய்கண்டார் நூலே தருகின்றது. ஆன்மா தனித்து நிற்பதன்று. சார்ந்ததன் வண்ணம் ஆவது. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுதல்போல, உயிர் உலகைச் சாரின் உலகாயும், திருவருளைச் சாரின் அருளாயும் நிற்கும். கோட்டை என்னும் உருவகம், தானே தனக்குப் போதும் என்னும் எண்ணத்தின்மேல் எழுப்பப்பட்டது. 'யான் கலங்கேன்' என்பதில் கலக்கம் ஒழிந்ததாயினும் 'யான்' ஒழிந்திலது. கலக்கத்தை வென்றேன் என்னும் செருக்கும் ஆணவத்தின் ஒரு முகமேயாம். சிவஞானபோதத்தின் 10-ஆம் சூத்திரம் மலநீக்கத்திற்கு வழியாகக் கூறுவது இறைபணி நிற்றல். அமைதியைத் தேடுதல் அன்று. இறைபணியில் நின்றார்க்கு அமைதி தேடாமலே வந்து நிழல்போல உடன் நிற்கும். நாயனார் அன்று அமைதியைக் காக்க முயன்றிலர். திருவேடத்தின்பால் உள்ள அன்பைக் காக்க முயன்றார். அமைதி அம்முயற்சியின் நிழல்.

ஸ்டோயிக்கரும் இறைவனை உடன்பட்டவரே. கிளியாந்தசு இறைவனைப் போற்றிப் பாடிய பாட்டும் உளது எனின், உண்மையே. ஆயின் அவர் கொண்ட இறை, உலகோடு ஒன்றாய் உள்நின்று இயக்கும் அறிவொழுங்கு. அதற்கு இசையலாம், அதனோடு உறவாட இயலாது. திருநாவலூர் நம்பியாரூரர் வரலாறு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். அவர் இறைவனிடத்துப் பொன் கேட்டார், நெல் கேட்டார். கல்வராயன் மலையிற் பிறக்கும் மணிமுத்தாற்றில், திருமுதுகுன்றத்தே பெற்ற பொன்னை இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். கண்ணொளி இழந்தபோது முறையிட்டார், வருந்தினார், வன்மையாகவும் பேசினார். ஸ்டோயிக்கர் கணக்கில் இவையனைத்தும் விகாரங்கள். சேக்கிழாரோ அவரையே காப்பியத் தலைவராக்கினர். அழுகை அமைதிக்குப் பகையன்று. அழுவார் யாரிடத்து அழுகின்றார் என்பதே நோக்கற்பாலது. திருமருகலில் பாம்பு தீண்டித் துணைவனை இழந்து அலறிய வணிகப் பெண்ணைக் கண்ட திருஞானசம்பந்தர், சாவு இயல்பே என்று அவட்குக் கற்பித்திலர். அவள் துயரைத் தம் துயராகக்கொண்டு இறைவனை நோக்கிப் பாடினார்.

இனி, நாயனார் செயல்மேல் எழும் தடைகள் இரண்டு ஆராயத்தக்கன. வஞ்சகனை அடியவன் என நம்பியது அறியாமையன்றோ என்பது ஒன்று. கருவி பாய்வதற்கு முன் வணங்கியதை மட்டும் நோக்குவார்க்கே இத்தடை எழும். பாய்ந்தபின் அறியாமைக்கு இடம் ஏது? எல்லாம் வெளிப்பட்ட பின்னரன்றோ 'தம்மவர்' என்றார்? ஆதலின் அவர் போற்றியது மனிதனின் உள்ளத்தை மதிப்பிட்ட முடிபை அன்று. அவன்மேல் இருந்த இறைவன் அடையாளத்தை. மற்றொரு தடை, கொலைஞனைத் தண்டியாது விடுதல் அரசநீதிக்கு மாறன்றோ என்பது. நாட்டின்மேல் முத்தநாதன் படையெடுத்தபோதெல்லாம் நாயனார் அமைதி பேசி வாளா இருந்திலர். எதிர்நின்று பொருது வென்றார். பிறர்க்கு வரும் தீங்கைத் தடுத்தவர், தமக்கு வந்த தீங்கைப் பொறுத்தார். பொறுத்தற்குரிமை புண்பட்டார்க்கே உண்டு என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று. அரசர் பொறுத்தார் என்பதனால் கவி முத்தநாதன் செயலை நல்லதாக்கிக் காட்டவில்லை. தீயவன் என்னும் பொருள்படும் சொற்களை அவன்மேல் தயங்காது வழங்கினர். தத்தன் வாளெடுத்ததையும், ஊரார் கொதித்தெழுந்ததையும் குற்றமாகக் கூறிலர். அரசர்க்கு அமைதி அழகு. காவலனுக்கு வாளெடுத்தல் அழகு. குடிகளுக்குச் சினத்தல் இயல்பு. கவிக்கு உண்மை கூறல் கடன். ஒரே நிகழ்ச்சியில் அவரவர்க்குரிய நிலையை அவரவர்க்கு வைத்தமையே இப்புராணத்தின் சிறப்பு. அமைதி எல்லார்மேலும் ஒருபடித்தாகப் பூசும் பூச்சன்று.

இந்நுட்பத்தை மறந்ததனால் விளையும் கேடு சிறிதன்று. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், 2024 ஜூன் திங்களில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து, அண்டை ஊரார் உள்ளிட்டு 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கணவனை இழந்தாளிடத்தும், தந்தையை இழந்த சிறுவரிடத்தும் சென்று, 'நிகழ்ந்தது நும் வசத்ததன்று. அமைதி கொள்க' என்றேனும், 'எல்லாம் ஊழ். பொறுத்துக் கொள்க' என்றேனும் உரைப்பது யவனர் நூலுக்கும் பொருந்தாது, சைவ நூலுக்கும் பொருந்தாது. எபிக்டீட்டசின் பாகுபாட்டையே கொண்டு நோக்கினும், நஞ்சை விற்பதும் விலக்குவதும் விற்றவன் வசத்தன; காப்பதும் தவறுவதும் காவலர் வசத்தன; துணைநிற்பதும் முகம்திருப்புவதும் அயலார் வசத்தன. நம் வசத்தது யாது என வினவும் கேள்வி முதலிற் செல்லவேண்டிய இடம் இவர்களே, அழுகின்ற வீடன்று. ஊழ்க்கொள்கையும் வினைப்பயனை நுகர்வார்க்குக் கூறப்பட்டதேயன்றி, வினைசெய்தாரை விடுவிப்பதற்குக் கூறப்பட்டதன்று. செய்தான் செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதும் அக்கொள்கையின் கூறேயாம்.

கல்வராயன் மலை 1976-ஆம் ஆண்டில் அரசின் நேர்ப்பொறுப்பிற்கு வரும்வரை சாகீர்தார்களின் கீழ் இருந்தது. மலைவாழ் மக்கள் கூலியின்றி அவர்க்கு உழைக்க வேண்டியிருந்தது. அத்தகையார்க்குப் பொறுமையைப் போதிக்கும் உரிமை, அவர் உழைப்பை உண்டார்க்கு இல்லை. எபிக்டீட்டசு தாமே அடிமையாய் இருந்தவர் ஆதலின், அகவிடுதலையே உண்மை விடுதலை என்று அவர் கூறியதற்கு வலிமை உண்டு. அதே சொல்லை ஆண்டான் எடுத்து அடிமைக்குக் கூறின், அது தத்துவமன்று. விலங்கிற்கு இடும் மெருகு. மார்க்கஸ் நூலின் உயர்வும் இதனாலேயே அமைகின்றது. பேரரசராகிய அவர் அதனைக் குடிகட்கு ஆணையாக எழுதிலர். போர்ப்பாசறையில் இருந்து தமக்குத் தாமே எழுதிக்கொண்டார். அதன் முன்னிலைச் சொற்கள் அனைத்தும் அவரையே சுட்டுவன. அந்நூலைப் படிப்பாரும் அம்முறையே தமக்கென்றே படித்தல் வேண்டும். பிறர்மேல் எறியும் கல்லாகக் கொள்ளலாகாது.

இதுகாறும் கூறியவாற்றான் பெறப்படும் முடிபு வருமாறு. ஸ்டோயிக்கர் நூல்கள் நல்ல மருந்து. அற்ப இழப்பிற்கு அலமருவாரும், அயலார் சொல்லுக்கு எரிந்து வீழ்வாரும், நாளை வருவதை எண்ணி இன்று துயில் கெடுவாரும் அவற்றை நாளும் சிறிது பயிலின் பயன்பெறுவர். இரவு வினவலைச் சைவர் தம் வழிபாட்டோடு சேர்த்துக்கொள்ளுதலில் குற்றம் ஒன்றும் இல்லை, குணமே உண்டு. ஆயின் மருந்து உணவாகாது. தன்னை அடக்கும் அளவிற்கு அந்நூல் கைகொடுக்கும். தன்னை மறக்கும் நிலைக்கு அன்பே கைகொடுக்கும். இருவினையொப்பு வாயிற்படி; அதனை வீடு என்று கருதி ஆண்டே அமர்ந்துவிடுவார் உட்புகுதல் இல்லை. தம் உள்ளம் அமைந்ததா என்று ஒருவர் அறிய வேண்டின், தமக்கு நோவு குறைந்ததா என வினவுதல் போதாது. தமக்குத் தீங்கு செய்தான் ஒருவன் ஊரெல்லையைப் பிழைத்துக் கடத்தல் வேண்டும் என்னும் கவலை தம்மிடத்து உண்டா என வினவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடைகூற வல்லார் அரியர். அவருள் ஒருவர் பெண்ணைக் கரையில் அரசு செய்தார் என்பது அந்நாட்டிற்கு என்றும் நிலைத்த பெருமையாம்.